நம்பர் ஏறினால் கூலா, சூடா? ஒரு திருவள்ளூர் லான்சருக்கு பிளக் வாங்கிய கதை

என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் தலையில், நடுவாக, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. விளிம்பு வெட்டினது மாதிரி இருக்காது, மெழுகு உருகி வழிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். "ஸ்பார்க் பிளக் நம்பரைத் தலைகீழாப் படிச்சதால ஆச்சு" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டி எது

1999 மாடல் மிட்சுபிஷி லான்சர். திருவள்ளூருக்குப் பக்கத்தில், கடம்பத்தூர் பக்கம் அதிகத்தூர் தொழிற்சாலையில் செய்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு அங்கே லான்சர் தயாரிக்க ஆரம்பித்தது. இன்றைக்கு அதே தொழிற்சாலையிலிருந்து சிட்ரோயன் சி3 வெளியே வருகிறது. அதில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் உண்டு. என் லான்சர் வெளியே வந்த காலத்தில் பெட்ரோல் காரில் டர்போ என்பது நம் ஊரில் பேச்சுக்கே கிடையாது. டர்போ என்றால் டீசல்தான். டீசலில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்று சொல்வது வேறு சாமான்.

லான்சரின் எஞ்சின் 4ஜி15. 1,468 சிசி, நாலு சிலிண்டர், சுமார் 85 குதிரைத்திறன். கம்பெனி கொடுத்தபோது டர்போ இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக ஒரு சின்ன டர்போவை மாட்டியிருந்தார். மிட்சுபிஷியே பின்னாளில் கோல்ட் என்ற காருக்கு 4ஜி15 பெயரிலேயே டர்போ எஞ்சின் செய்தது. ஆனால் அது இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட் உள்ள வேறு எஞ்சின். அதன் பாகப் பட்டியலை எடுத்து என் வண்டிக்குப் போட முடியாது. ஆக, இந்த வண்டிக்குப் பிளக் எது என்று சொல்ல எந்தக் கம்பெனி மேனுவலும் இல்லை. நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

(சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றி ரோட்டில் ஓட்டக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. என் வண்டி டிராக்குக்கு மட்டும்தான். ரெக்கவரி வண்டியில் ஏறிப் போகும், ஏறி வரும்.)

அன்றைக்கு நடந்தது

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் வேலை. வண்டி நிற்பது கவரைப்பேட்டைக்கு முன்னால், ஹைவே ஓரத்து ஷெட் ஒன்றில். அந்த ஷெட் அண்ணன் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் தொழில் பழகியவர். காதை வைத்தே டைமிங் சொல்லிவிடுவார்.

டர்போவின் அழுத்தத்தை 0.3 பாரிலிருந்து 0.5 பாருக்கு ஏற்றலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஏற்றினால் பிளக்கை ஒரு படி 'கூல்' ஆக்க வேண்டும் என்று படித்திருந்தேன். வண்டியில் இருந்தது என்ஜிகே 6. நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் போன் செய்தேன்.

"அண்ணே, இப்ப 6 இருக்குது. ஒரு நம்பர் கூலாப் போட்டுடுங்க."

"போட்டுடறேன் தம்பி, நீங்க வேலைக்குப் போங்க."

அவர் 5 போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக். முதல் இரண்டு சுற்று வண்டி பறந்தது. மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதையின் கடைசியில், டப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது, கூடவே இழுவையும். பின்கண்ணாடியில் நீலப் புகை. மூன்றாவது சிலிண்டர் போயிருந்தது.

ஷெட்டில் ஹெட்டைக் கழற்றிப் பிளக்கை எடுத்துப் பார்த்தபோது கேட்டேன்: "என்னண்ணே, 5 போட்டிருக்கீங்க?"

"நீங்கதானே தம்பி கூல் போடச் சொன்னீங்க? நம்பர் குறைஞ்சா கூல்தானே?"

அவர் சொன்னது தப்பே இல்லை. அவர் பழகிய பிளக்கில் அது நூற்றுக்கு நூறு சரி. நான் கேட்டது வேறு கம்பெனியின் பிளக்.

பிளக்கில் 'சூடு', 'கூல்' என்றால் என்ன

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். சூடான பிளக் என்றால் பொறி சூடாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. பிளக்கின் நுனி, தான் வாங்கிய சூட்டை எவ்வளவு வேகமாக எஞ்சின் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது.

பிளக்கின் உள்ளே வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கும். அந்த மூக்கு நீளமாக இருந்தால், நுனியில் பட்ட சூடு இரும்பு உடம்பை அடைய நீண்ட தூரம் போக வேண்டும். நுனி சூடாகவே இருக்கும். அது 'சூடான' பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது 'கூல்' பிளக்.

நுனிக்கு ஒரு தோதான வெப்பநிலை உண்டு. சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கரி எரியாமல் படிந்து, பிளக் அடைத்துக்கொள்ளும். 800, 850 டிகிரிக்கு மேலே போனால் நுனியே நெருப்புத் துண்டாகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இதற்கு முன்னெரிதல் என்று பெயர். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிரே வெடிப்பு நடக்கிறது. டர்போ எஞ்சினில் இது சில நொடி நீடித்தால் போதும், அலுமினிய பிஸ்டன் உருகிவிடும். என் பேப்பர் வெயிட் உருவான விதம் இதுதான்.

ஒரு நம்பர் மாறினால் நுனியின் வெப்பநிலை சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். நான் ஒரு படி கீழே கொண்டுவர நினைத்தேன். அது ஒரு படி மேலே போனது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் இடையே இரண்டு படி.

ஏறும் கணக்கு, இறங்கும் கணக்கு

இந்தியாவில் பல தலைமுறை மெக்கானிக்குகளுக்குப் பிளக் என்றால் மைக்கோ. பெங்களூரில் 1951-இல் தொடங்கிய கம்பெனி அது. ஜெர்மனியின் பாஷ் குடும்பம். 2008-இல் பெயரே பாஷ் என்று மாறியது. பாஷ் கணக்கில் எண் குறைந்தால் கூல். அமெரிக்கப் பெயரான சாம்பியனிலும் அப்படியே. ஜப்பான் கம்பெனிகளான என்ஜிகேயிலும் டென்சோவிலும் நேர் எதிர்: எண் கூடினால் கூல்.

சாதாரணமாகப் புழங்கும் பிளக்குகளில் தோராயமான ஒப்பீடு இது:

- என்ஜிகே 5 = டென்சோ 16 = பாஷ் 8 (சூடு)
- என்ஜிகே 6 = டென்சோ 20 = பாஷ் 7 (நடுத்தரம்)
- என்ஜிகே 7 = டென்சோ 22 = பாஷ் 6 (கூல்)

நடு வரியைப் பாருங்கள். என்ஜிகே 6-ம் பாஷ் 7-ம் ஏறக்குறைய ஒன்று. அடுத்த வரியில் அதே 7-ம் 6-ம் இடம் மாறி நிற்கின்றன. இரண்டு கம்பெனியும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், தப்பு நடந்தாலும் தப்பு மாதிரியே தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. பிளக் மரையில் கச்சிதமாக உட்காரும், வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் அழகாக ஓடும். முழு அழுத்தத்தில்தான் உண்மை தெரியும்.

அதனால் கடையில் "ஒரு நம்பர் கூல்" என்று கேட்கவே கேட்காதீர்கள். கம்பெனி பெயரோடு முழு நம்பரையும் எழுதிக் கொடுங்கள். உதாரணமாக என்ஜிகேயின் பிபிஆர்6இஎஸ். முதல் 'பி' 14 மிமீ மரை. இரண்டாவது 'பி' மூக்கு வெளியே நீட்டிய வகை. 'ஆர்' ரெசிஸ்டர். '6' சூட்டு எண். 'இ' 19 மிமீ மரை நீளம். 'எஸ்' செம்பு உள்ள சாதாரண நடுக்கம்பி. இதில் 6-ஐ மட்டும் 7 ஆக்கினால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், ஒரு படி கூல். ஒரு எழுத்து பிசகினாலும் கதை வேறு. மரை நீளம் கூடிப்போனால் பிளக் பிஸ்டனை இடிக்கக்கூடும். 'ஆர்' இல்லாததைப் போட்டால் அதன் மின் இரைச்சல் இசியுவைக் குழப்பலாம்.

எத்தனை படி இறங்கலாம்

என்ஜிகே சொல்லும் பொது விதி: 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி கூல். என் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். 0.5 பார் அழுத்தம் என்றால், காற்றின் சாதாரண அழுத்தமான 1 பாரோடு சேர்த்து 1.5 பார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒன்றரை மடங்கு காற்று, ஒன்றரை மடங்கு சக்தி. 85 குதிரை 127 ஆகலாம். நிஜத்தில் அதற்கும் கீழேதான் வரும். ஆக, கூடியது 40 குதிரைதான். விதிப்படி பார்த்தால் முழுதாக ஒரு படிகூட வேண்டாம்.

ஆனாலும் நான் ஒரு படி இறங்குகிறேன். இந்த வண்டி டிராக்கில் சேர்ந்தாற்போல் முழு அழுத்தத்தில் ஓடுகிறது. இதன் பிஸ்டனும் கம்ப்ரஷனும் டர்போவுக்காகச் செய்தவை அல்ல. அதே சமயம் இரண்டு படி, மூன்று படி இறங்குவது வீரம் இல்லை. அப்படிப் போட்டால் ஷெட்டுக்குள் உறுமிக்கொண்டு நிற்கும்போதே பிளக் கரி பிடித்து, ஒரு சிலிண்டர் அடிக்காமல் போகும்.

இடைவெளி: கேப்

பிளக் நுனியில் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மெக்கானிக்குகள் 'கேப்' என்பார்கள். டர்போ வண்டியில் சூட்டு எண்ணுக்கு அடுத்தபடி முக்கியம் இதுதான்.

காற்று அடர்த்தியானால் பொறி அதைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். இடைவெளி கூடினாலும் அப்படியே. தோராயமாக, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் இக்னிஷன் காயில் மேல் விழும் பாரம். சாதாரண எஞ்சினில் 1.1 மிமீ கேப் சரியாக இருந்தது என்று வையுங்கள். காற்று ஒன்றரை மடங்கானால், அதே காயில் அதே பாரத்தோடு ஓட 1.1-ஐ 1.5-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 0.73 மிமீ. டர்போ வண்டிக்காரர்கள் அனுபவத்தில் 0.7, 0.75 என்று வைப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் பொருந்திப் போகிறது.

கேப் அதிகமாக இருந்தால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. அழுத்தம் ஏறும்போது மட்டும் வண்டி 'திக், திக்' என்று தடுக்கும். உடனே பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டுக் காசைச் செலவழிப்போம். முதலில் கேப்பை அளந்து பாருங்கள்.

பெட்டியைப் பிரித்ததுமே அளக்க வேண்டும். வரும் வழியில் கீழே விழுந்து வளைந்திருக்கலாம். இரிடியம் பிளக்கின் நடுநுனி ஊசி மாதிரி இருக்கும். ஃபீலர் கேஜை அதற்குள் விட்டு நெம்பினால் உடைந்துவிடும். கம்பி கேஜ்தான் நல்லது. இரிடியம் நீண்ட நாள் உழைக்கும், பொறிக்குக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் போதும். ஆனால் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கும் வண்டிக்கு நான் சாதாரண நிக்கல் நுனி பிளக்தான் போடுவேன். அடிக்கடி கழற்றிப் படிக்க வேண்டும், மாற்ற வேண்டும். நாலு பிளக்கின் விலை கையைக் கடிக்காது.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். 14 மிமீ மரை, வாஷர் உள்ள பிளக், அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், புது பிளக்கைக் கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள். லூசாக இருந்தால் வெறும் ஆட்டம் மட்டுமல்ல: சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல் போய், கூல் பிளக்கும் சூடான பிளக் ஆகிவிடும்.

பிளக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பிஸ்டன் போன பிறகு எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். பிளக் அந்த வரிசையில் கடைசிப் பக்கம்தான் வருகிறது. மற்றது கெட்டிருந்தால் நல்ல பிளக்கும் பொய் சொல்லும்.

1. *கம்ப்ரஷன்.* நாலு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப் போக வேண்டும். போகாவிட்டால் டியூன்-அப் சாமான் எதையும் வாங்காதீர்கள். முதல் வேலை வேறு.

2. *காற்று.* எங்கள் சிப்காட் முழுக்க உருக்கு ஆலைகளும் ரோலிங் மில்களும். இரும்புத் தூள் கலந்த புழுதி. ஏர் ஃபில்டரை ஊதி ஊதிப் போடாமல் மாற்றிவிடுவது நல்லது. டர்போவின் விசிறிக்கு முன்னால் இருக்கும் ஒரே காவல் அதுதான். பிறகு ரப்பர் ஹோஸ்கள். வெயிலில் வெடித்த ஹோஸ் ஐடிலில் கமுக்கமாக இருந்துவிட்டு, அழுத்தத்தில் வாயைத் திறக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, காற்று ஏற்றி, குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

3. *பெட்ரோல்.* ஃபில்டர் புதிது போடுங்கள். டர்போ அழுத்தம் ஏற ஏற, ரயிலில் பெட்ரோல் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் கலவை மெலிந்துபோகும். இப்போது பங்க்குகளில் வரும் இ20 பெட்ரோலுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 போதும். பழைய கணக்கிலேயே ஊற்றும் இன்ஜெக்டருக்கு இது எட்டு சதவீதம் மெலிந்த கலவை. மெலிந்தால் சூடு. 1999-இன் ரப்பர் பைப்புகள் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல, அவற்றையும் மாற்றிவிட்டேன்.

4. *இக்னிஷன்.* பிளக் வயர் நாலையும் மல்டிமீட்டரில் அளந்து, நீளத்துக்கு ஏற்றபடி ஒத்து வருகிறதா என்று பார்க்கவும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியென்றால் மூடியின் உள்ளே மயிரிழை மாதிரி கரிக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழவேற்காடு பக்கமிருந்து வரும் உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால், பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியாக ஓடிவிடும்.

5. *டைமிங்.* அழுத்தம் ஏறினால் பொறி கொஞ்சம் தாமதமாக வர வேண்டும். இங்கே காதை மட்டும் நம்பக் கூடாது. டைமிங் லைட் வேண்டும். காதில் கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் புது பிளக்.

பிளக்கைப் படிப்பது

ஒரு சுற்று முழு அழுத்தத்தில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பில் இருந்தால் நிம்மதி. கறுப்புப் பொடி படிந்திருந்தால் கலவை கனம், அல்லது பிளக் அளவுக்கு மீறி கூல். கறுப்போடு பிசுபிசுப்பும் இருந்தால் ஆயில் மேலே வருகிறது. சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்புளத்தோடு இருந்தால் சூடு எல்லை மீறுகிறது. பீங்கானில் பொடிப் பொடியாக வெள்ளிப் புள்ளிகள் மின்னினால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். அது பிஸ்டனின் அலுமினியம்.

முதல் சுற்று முடிந்ததுமே நான் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டிருக்கும். பத்து நிமிட வேலை. செய்யாததற்கு ரீபோர், பிஸ்டன் செட், கேஸ்கெட், லேபர் எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்குப் பக்கம் ஆனது. பிளக் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். அழுத்தத்தையும் அன்றைக்கேதான் ஏற்றினேன். ஒரே நாளில் இரண்டை மாற்றினால், எது கெடுத்தது என்று பிறகு சொல்ல முடியாது. மில்லில் தினமும் மற்றவர்களுக்கு நான் சொல்லும் பாடம் அது.

அண்ணன் லேபர் வாங்க மறுத்தார். "என் தப்பு தம்பி" என்றார். இல்லை என்று சொல்லிக் கையில் திணித்தேன். முப்பது வருஷமாக அவர் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குச் சரியாகப் போட்ட பிளக் அது. அவருக்குத் தெரிந்த கணக்கு வேறு என்று நான்தான் யோசிக்கவில்லை. படித்தவன் நான், முழு நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

இப்போது வண்டியில் என்ஜிகே 7, கேப் 0.7, அழுத்தம் மறுபடி 0.3. அடுத்த முறை அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கப் போகிறேன், வேறு எதையும் தொடாமல்.

போன வாரம் ஷெட்டுக்குப் போனபோது, ஸ்பேனர் மாட்டும் பலகைக்கு மேலே சுவரில் சாக்பீஸால் அண்ணன் எழுதியிருந்தார்: "ஜப்பான் ஏறினா கூல். மைக்கோ, சாம்பியன் இறங்கினா கூல்." புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பைக் பிளக்கின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.